ஐஈஎல்டிஎஸ்: தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாத பரீட்சையா?

2025 பெப்ரவரி 8, பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அக்கா, நான் ஏஎல் (உயர்தரம்) முடித்துவிட்டேன். ஓஎல்லில் (சாதாரண தரத்தில்) ஆங்கிலத்துக்கு சி. வெளிநாட்டில் போய்ப் படிக்க விருப்பம். டவுனில் ஒரு கிளாஸில் விசாரித்தேன். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 7 இல்லாமல் எந்த நாட்டுக்கும் போக முடியாதாம். அது கொழும்பில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கான பரீட்சை, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாஸ் பண்ணுவது கஷ்டம், அதனால் முதலில் ஒரு வருஷம் கிளாஸ் வர வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பெப்ரவரி 9

தம்பி, அந்தப் பரீட்சையில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேசுதல் என்ற நான்கு பகுதிக்கும், மொத்தத்துக்கும் 0 முதல் 9 வரை பேண்ட் என்று ஒரு புள்ளி தருவார்கள், நடுவில் அரைப் புள்ளியும் உண்டு. பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1989 முதல் நடத்தி வரும் பரீட்சை இது. அவர்கள் உங்கள் ஆங்கிலத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பது நீங்கள் போகப்போகும் நாடும் பல்கலைக்கழகமும்.

அதனால் "எல்லா நாட்டுக்கும் 7" என்பது தவறு. பிரித்தானியாவில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவுக்கு நான்கு பகுதியிலும் 5.5 இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு 6.0, 6.5 என்று கேட்கும், அது பாடத்துக்குப் பாடம் மாறும். அவுஸ்திரேலியா மாணவர் விசாவுக்கு முன்பு மொத்தம் 5.5 கேட்டது, 2024 மார்ச் 23 முதல் 6.0. கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேற நினைக்கும் திறமைத் தொழிலாளிக்கு நான்கிலும் குறைந்தது 6.0 வேண்டும். தாதியருக்கு 7 கேட்கிற இடம் உண்டு. கிளாஸில் யாரோ ஒருவருக்குச் சொன்னதை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

முதலில் எந்த நாடு, எந்தப் படிப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பாடத்துக்கான நுழைவுத் தகுதியைத் தேடுங்கள். மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் கிடைத்த பிறகு கிளாஸைப் பற்றி யோசிக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளை, கொழும்புப் பிள்ளை என்ற பேச்சுக்குத் தனியாக எழுத வேண்டும். அது என்னைச் சும்மா விடவில்லை.

பெப்ரவரி 10

இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: பரீட்சையின் இரண்டு வகையில் எதை எழுதுவது, அகடமிக்கா, ஜெனரல் ட்ரெய்னிங்கா?

பல்கலைக்கழகம் என்றால் அகடமிக். கனடா நிரந்தர வதிவிடம் போன்ற குடியேற்றம் என்றால் பெரும்பாலும் ஜெனரல். கேட்டல், பேசுதல் இரண்டும் இரண்டுக்கும் ஒன்றே. வாசிப்பும் எழுத்தும் மட்டும் வேறு. மாற்றிப் பதிந்தால் எவ்வளவு நல்ல புள்ளி வந்தாலும் பயன் இல்லை.

பிரித்தானிய விசாவுக்கென்று யூகேவிஐ என்ற தனிப் பதிவும் உண்டு. பரீட்சை ஒன்றுதான், ஆனால் அந்தப் பெயரில், அதற்கென்று அனுமதி பெற்ற நிலையத்தில் எழுதியிருக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்புக்குச் சாதாரண ஐஈஎல்டிஎஸ்ஸையும் ஏற்கின்றன. அதனால் பதிய முன்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை வைத்துக்கொண்டு பதியுங்கள்.

பெப்ரவரி 16

சரி, தோட்டத்துப் பிள்ளைகள் விஷயம்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். இப்போது ஹட்டனில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பரீட்சையைக் கண்டியில் எழுதியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: நம் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது அறிவில் இல்லை. முதல் முறை மாதிரிப் பரீட்சை வைக்கும்போது வாசிப்பில் ஓரளவு நன்றாகவே வருவார்கள். கேட்டலில் சரிந்துவிடுவார்கள்.

காரணம் லேசானது. நமக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்தது. கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதினோம், கொப்பியில் இருந்ததைப் பரீட்சையில் எழுதினோம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆங்கில ஆசிரியர் வருஷக்கணக்கில் இல்லாத பள்ளிக்கூடத்தில் நானே படித்திருக்கிறேன். அங்கே யாரும் யாரிடமும் ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவை மட்டும் போட்டு 40 கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் தடுமாறாமல் என்ன செய்யும்?

கேட்டல் சுமார் 30 நிமிடம், நான்கு பகுதி. முதல் பகுதி இரண்டு பேர் பேசும் அன்றாட விஷயம், வீடு வாடகைக்கு எடுப்பது மாதிரி. இரண்டாவது ஒருவர் தனியாகப் பேசுவது. மூன்றாவது படிப்பு சம்பந்தமாகச் சிலர் கலந்து பேசுவது. நான்காவது ஒரு விரிவுரை. போகப்போகக் கடினம் கூடும். ஆனால் எங்கள் பிள்ளைகள் புள்ளியை விடுவது பெரும்பாலும் சுலபமான முதல் பகுதியில்தான். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள், தொலைபேசி எண் சொல்வார்கள், திகதி சொல்வார்கள். ஏ, ஈ, ஐ மூன்றும் காதில் குழம்பும். இன்னொன்று, பேசுகிறவர் முதலில் செவ்வாய் என்பார், உடனே "இல்லை, அன்றைக்கு முடியாது, வியாழன்" என்பார். பிள்ளை செவ்வாயை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும்.

இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்றால் மூன்று சொல் எழுதினால் புள்ளி இல்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் இல்லை. பிரித்தானிய எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் சரி. தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விட வேண்டாம். காகிதத்தில் எழுதினால் விடையைப் பெயர்த்து எழுதக் கடைசியில் 10 நிமிடம் தருவார்கள். கணினியில் அது இல்லை, சரிபார்க்க 2 நிமிடம்தான்.

காதுக்குப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அதற்குப் பணம் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு லயத்தில் சிக்னல் இல்லை. டவுனுக்கு வரும்போது போனில் ஒலிப்பதிவுகளை இறக்கிக்கொண்டு போய் இரவில் கேட்கிறார்கள். ஒரே பதிவை முதலில் சும்மா கேட்பது, பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டதை எழுதிப் பார்ப்பது. பொறுமைதான் வேண்டும்.

பெப்ரவரி 17

மொத்தப் புள்ளியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பார்கள். கிட்ட இருக்கிற அரைப் புள்ளிக்குக் கொண்டுபோவார்கள். .25 வந்தால் மேலே .5 ஆகும், .75 வந்தால் மேலே முழு எண் ஆகும்.

ஒரு பிள்ளைக்கு 5.5, 6.0, 5.5, 6.0. கூட்டினால் 23, சராசரி 5.75, மொத்தம் 6.0. இன்னொரு பிள்ளைக்கு 5.5, 6.0, 5.5, 5.5. சராசரி 5.625, மொத்தம் 5.5. பேசுதலில் அரைப் புள்ளிதான் வித்தியாசம். ஒருவர் அவுஸ்திரேலியாவின் 6.0ஐத் தொட்டார், மற்றவர் தொடவில்லை. ஆகவே உங்களுக்கு எந்தப் பகுதியில் அரைப் புள்ளி லேசாகக் கூடும் என்று பார்த்து அங்கே உழையுங்கள்.

9ஆம் திகதி சொன்ன இரண்டு எண்களை மறக்க வேண்டாம். மொத்தம் 6.5 வந்து எழுத்தில் மட்டும் 5.0 என்றால், ஒவ்வொன்றிலும் 5.5 கேட்கும் இடத்தில் கதவு திறக்காது.

மார்ச் 2

பேசுதல் பற்றி எழுதுங்கள் என்று நிறையப் பேர் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் என்னிடம் முதலில் சொல்வது, "மிஸ், எனக்கு ஆக்சென்ட் வராது." எங்கள் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், நுனி நாக்கில் பேசினால்தான் புள்ளி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அப்படி இல்லை. பேசுதலுக்கு நான்கு விஷயம் பார்க்கிறார்கள்: தடங்கலில்லாமல் தொடர்ந்து பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. உச்சரிப்பு என்றால் கேட்பவருக்குச் சிரமமில்லாமல் விளங்குவது, அழுத்தமும் ஏற்ற இறக்கமும் சரியாக இருப்பது. மலையகத்துத் தமிழ்க் குரல் ஆங்கிலத்தில் கேட்கிறதே என்று யாரும் புள்ளியைக் குறைப்பதில்லை. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால், அது எதிரில் இருப்பவருக்கு விளங்காமல் போனால், அங்கே குறையும்.

மொத்தம் 11 முதல் 14 நிமிடம். ஒரு மனிதரோடு பேசுவீர்கள், உரையாடல் பதிவாகும். முதலில் ஊர், வீடு, படிப்பு என்று அறிமுகக் கேள்விகள். பிறகு ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசிக்கலாம், குறிப்பு எழுதலாம், அப்புறம் ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். கடைசியில் அந்த விஷயத்தை ஒட்டிக் கொஞ்சம் ஆழமான கேள்விகள்.

அந்த இரண்டு நிமிடம்தான் எல்லாருக்கும் பயம். போன வருஷம் வகுப்பில் "உனக்குப் பிடித்த, தண்ணீர் உள்ள ஓர் இடத்தைப் பற்றிச் சொல்" என்று ஓர் அட்டை கொடுத்தேன். ஒரு தம்பி இணையத்தில் மனப்பாடம் செய்த வெளிநாட்டுக் கடற்கரையை ஒப்பித்தான். நாலாவது வசனத்தில் மறந்துபோய் நின்றுவிட்டான். கடலையே அவன் சரியாகப் பார்த்ததில்லை. அடுத்து ஒரு தங்கச்சி. அவள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பீலியைப் பற்றிப் பேசினாள். காலையில் யார் முதலில் குடம் வைப்பது என்று நடக்கும் சண்டை, ஜனவரிக் குளிரில் தண்ணீரில் கை வைத்தால் எரிவது, பாட்டி அங்கே உட்கார்ந்து சொல்லும் ஊர்க்கதை, கோடையில் பீலி வற்றினால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். இன், ஆன், அட் போன்ற முன்னிடைச் சொற்களில் பிழை இருந்தது, காலம் இரண்டு இடத்தில் மாறியது. ஆனால் நிறுத்தவே இல்லை. நான்தான் நேரம் முடிந்தது என்று நிறுத்தினேன். பரீட்சையில் அவளுக்குப் பேசுதலில் 6.5 வந்தது, அவளுடைய நான்கு பகுதியிலும் அதுதான் அதிகம்.

மனப்பாடம் செய்ததைப் பரீட்சகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். உங்கள் வாழ்க்கை சின்னது, சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் இடம், ஆடித் திருவிழா, மலை ரயில், எல்லாமே பேசத் தகுந்தவை. கேட்பவருக்குத் தெரியாத ஒன்றை விளக்கிச் சொல்லும்போது உங்களுக்கே சொற்கள் தேடி வரும்.

மார்ச் 5

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அண்ணா கோபமாக எழுதியிருக்கிறார். "காது, பேச்சு எல்லாம் இருக்கட்டும். கட்டணத்தை யார் தருவது? முதல் தடை அதுதானே?"

அவர் சொல்வது நியாயம். நான் பரீட்சையின் உள்ளே இருப்பதை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாய்தான். பரீட்சைக் கட்டணம் அதைவிட அதிகம். ஒரு அம்மா ஒரு மாதம் முழுக்க மலை ஏறி இறங்கிச் சம்பாதிப்பது ஒரு காலைப் பொழுதுக்குப் போதாது. கொழும்புப் பிள்ளை ஒரு தடவை எழுதிப் பார்ப்போம் என்று எழுதலாம். நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. எட்டாத பரீட்சை என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறதென்றால் இதுதான், ஆங்கிலம் அல்ல.

அதனால்தான் நான் வகுப்பில் அவசரப்பட விடுவதில்லை. நேரம் வைத்து முழு மாதிரிப் பரீட்சை எழுதி, தேவையான புள்ளி திரும்பத் திரும்ப வந்த பிறகு பதியலாம். பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி இரண்டின் இணையத்திலும் இலவச மாதிரிகள் இருக்கின்றன. பணம் கட்டிப் பதிந்தவர்களுக்குப் பயிற்சிப் பாடங்களும் கொடுக்கிறார்கள், அதை எத்தனையோ பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கிளாஸ் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருஷம் வரச் சொல்லும் இடத்தில், முதல் நாளே மாதிரிப் பரீட்சை வைத்து உங்கள் நிலையைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மார்ச் 23

இந்தக் குறிப்பு ஆங்கிலத்தைப் பற்றியதே அல்ல. பெயரைப் பற்றியது. இதனால் நொந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம்.

பரீட்சைக்குப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். அன்றைக்கு அதே பாஸ்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டும். ரிசல்ட் தாளில் வரும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும், விசாவுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள்.

நம் ஆட்களுக்கு அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறிய பெயர், பள்ளிக்கூட ரிசல்ட்டில் அப்பாவின் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். என் தங்கச்சிக்கு மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் இது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா ஒரு நாள் பெயரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தார், வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு எங்கள் தாத்தா பாட்டிக்குத் தொடங்கிய பத்திரப் போராட்டம் இது. நாடற்றவர் பிரச்சினையை முடிக்க 2003இல்தான் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்களை நாங்கள் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கிளாஸ் சேரும் முன்பே பத்திரங்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் இப்போதே தொடங்குங்கள், மாதங்கள் போகும். பாஸ்போர்ட்டுக்குக் கண்டியிலேயே கிளை அலுவலகம் இருக்கிறது, தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை. ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் பதியும் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைத் தாங்களாக நிரப்ப வேண்டாம், பரீட்சை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு நிரப்புங்கள்.

ஏப்ரல் 6

எழுத்து. புத்தாண்டு லீவுக்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

60 நிமிடம், இரண்டு வேலை. முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது குறைந்தது 250 சொல். இரண்டாவதுக்கு இரட்டிப்பு எடை, ஆகவே 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரிப்பது நல்லது. ஜெனரலில் முதல் வேலை கடிதம். அகடமிக்கில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து விவரிக்க வேண்டும்.

அட்டவணை என்றதும் பிள்ளைகள் பயந்தார்கள். நான் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது மூன்று பேர் ஒரு வாரம் பறித்த பச்சைக் கொழுந்து நாளுக்கு எத்தனை கிலோ என்று எழுதி வரச் சொன்னேன். பலகையில் அட்டவணை போட்டோம். யார் அதிகம், எந்த நாள் குறைவு, யாருடைய அளவு ஏறி இறங்கியது, யாருடையது ஒரே மாதிரி இருந்தது. எல்லாரும் எழுதினார்கள். பாதிப் பேர் "மழை பெய்ததால் புதன்கிழமை குறைந்தது" என்றும் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அட்டவணையில் மழை இல்லை. அதில் இல்லாத காரணத்தை இந்தப் பகுதியில் எழுதக்கூடாது. இதை நான் வாயால் எத்தனை தடவை சொல்லியும் ஏறாதது, அம்மாவின் கொழுந்துக் கணக்கில் ஏறியது.

கட்டுரையில் எங்கள் பழக்கம் வேறு. பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் ஒரு பொன்மொழியோடு தொடங்கி, தலைப்பைப் புகழ்ந்து, வாழ்த்தி முடிக்கப் பழக்கினார்கள். ஆங்கிலத்திலும் "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்" என்று தொடங்கி மூன்று வசனம் வீணாகப் போகும். இங்கே முதலில் பார்ப்பது கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா என்பது. அதன் பிறகு கருத்து ஒழுங்காகத் தொடர்கிறதா, சொல்வளம், இலக்கணம். பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டுமா, உன் கருத்து என்ன என்று ஒரு தடவை கேட்டேன். ஆங்கிலத்தின் பெருமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தார்கள், வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரும் சொல்லவில்லை. நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் அப்படிப்பட்ட கட்டுரைக்குப் புள்ளி ஏறாது.

என் அனுபவத்தில் எழுத்துதான் கடைசியாக ஏறும் பகுதி. யாராவது திருத்தித் தராமல் தனியாக ஏறுவதும் கடினம். கிளாஸுக்குப் பணம் செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

ஏப்ரல் 8

வாசிப்பை விட்டுவிட்டேன் என்று ஒரு தங்கச்சி நினைவுபடுத்தினார்.

60 நிமிடம், 40 கேள்வி. விடையைப் பெயர்த்து எழுதத் தனி நேரம் இல்லை. அகடமிக்கில் சுமார் 23 சரியானால் 6, 30 சரியானால் 7. ஜெனரலில் பகுதிகள் கொஞ்சம் லேசு என்பதால் 6க்கே 30 வேண்டும், 7க்கு 34. "சரி, பிழை, சொல்லப்படவில்லை" வகைக் கேள்வியில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். உங்களுக்குத் தெரிந்த உலக அறிவை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் தாளில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்லுங்கள். கொழுந்து அட்டவணையில் மழை இல்லை என்றேனே, அதே விஷயம்.

மே 11

பண்டாரவளையிலிருந்து தாதியாக வேலை செய்யும் ஒரு அக்கா: "எனக்கு ஐஈஎல்டிஎஸ்தான் எழுத வேண்டுமா?"

கட்டாயமில்லை. பிரித்தானியாவின் தாதியர் சபை ஐஈஎல்டிஎஸ் அகடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேசுதலில் 7.0ஐயும் எழுத்தில் 6.5ஐயும் கேட்கிறது. அதற்குப் பதிலாக ஓஈடி என்ற பரீட்சையையும் ஏற்கிறது. அது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ளது. நோயாளியோடு பேசுவது, ஒரு நோயாளியைப் பற்றி வேறிடத்துக்குக் கடிதம் எழுதுவது என்று உங்கள் வேலையையே கேட்பார்கள். 500க்குப் புள்ளி. அந்தச் சபைக்கு மூன்று பகுதியில் 350, எழுத்தில் 300 போதும். வார்ட்டில் வருஷக்கணக்கில் வேலை செய்தவருக்கு அது கைக்குப் பழகிய விஷயம். கட்டணம் ஐஈஎல்டிஎஸ்ஸைவிட அதிகம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிஈ என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சை பற்றியும் கேட்கிறார்கள். முழுக்கக் கணினியில், 10 முதல் 90 வரை புள்ளி. பேசுவதும் மைக்கில்தான், பக்கத்தில் மற்றவர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆளைப் பார்த்தால் நா எழாத பிள்ளைகள் சிலருக்கு இது வசதியாக இருந்திருக்கிறது. தட்டச்சு மெதுவாக இருப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கனடாக் குடியேற்றத்துக்கு பிடிஈ அகடமிக் செல்லாது, பிடிஈ கோர் என்று தனியாக இருக்கிறது.

"7 எடுத்துத் தருகிறோம், உத்தரவாதம்" என்று சொல்லும் ஏஜென்ட்களைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பரீட்சைத் தாள் முன்கூட்டியே தருகிறோம் என்பதும் பொய். போலி ரிசல்ட் தாளைக் கொடுத்தால் பல்கலைக்கழகமும் தூதரகமும் இணையத்தில் நேரடியாகச் சரிபார்ப்பார்கள், அத்தோடு விசாக் கதை முடிந்துவிடும். நகையை அடகு வைத்து இப்படிக் கொடுத்துவிட்டு அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நல்ல ஆங்கிலம் இருந்தது.

ஜூன் 1

பொகவந்தலாவைத் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார், எனக்கு மிகவும் சந்தோஷம். வகுப்பில் வைத்த முழு மாதிரிப் பரீட்சையில் மொத்தம் 5.5 வந்திருக்கிறது. வாசிப்பு 6.0, எழுத்து 5.0. பிரித்தானியாவில் ஒரு பாடத்துக்கு 6.0, ஒவ்வொன்றிலும் 5.5 என்ற எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இப்போதே பதியட்டுமா என்று கேட்கிறார்.

பதிய வேண்டாம் தம்பி. எழுத்து 5.5ஐத் தாண்டட்டும். கேட்டலில் இன்னும் இரண்டு மூன்று விடை கூடினால் மொத்தமும் நகரும். ரிசல்ட் இரண்டு வருஷம்தான் செல்லும் என்பதால் படிப்புத் தொடங்கும் திகதியைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

அவர் கேட்ட மற்றவை: ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால் பரீட்சை எழுதிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். பணம் கட்ட வேண்டும், புள்ளி மாறினால் பணம் திரும்பி வரும். ஒரு பகுதியில் மட்டும் குறைந்தால் அதை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் வந்திருக்கிறது. கணினியில் எழுதியவர்களுக்கு மட்டும், 60 நாளுக்குள். ஆனால் எல்லா இடமும் அதை ஏற்பதில்லை, பிரித்தானிய விசாவுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஹட்டனிலிருந்து கண்டிக்கு அன்று காலையில் போகலாமா என்றும் கேட்டார். கூடாது. கினிகத்தேனைப் பக்கம் மழை பெய்து மண் சரிந்தால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாளே போய்க் கம்பளையிலோ பேராதனையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். நான் அப்படித்தான் போனேன். பேசுதல் வேறு நாளில் வைக்கவும் கூடும், பதியும்போதே கேட்டு ஒரே நாளில் கிடைக்கிறதா என்று பாருங்கள், ஒரு பயணச் செலவு மிஞ்சும்.

ஜூன் 3

இன்னொரு கேள்வி வந்தது, இது எல்லாருக்கும் பயன்படும். பேசுதலில் கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று மரியாதையாக, ஆங்கிலத்தில் கேளுங்கள், ஒரு தடவை கேட்டதற்காகப் புள்ளி போகாது. கடைசிப் பகுதியில் அவர்களே வேறு விதமாகவும் கேட்பார்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டு வேறெதையோ பேசினால்தான் நஷ்டம். ஞாயிறு வகுப்பில் இந்த வாரம் இதை மட்டும் பழகப் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள், பணம் வேண்டாம்.